விஆர் கண்ணாடியும் அதிர்வு பெல்ட்டும்: அம்மாவின் தள்ளாட்டத்துக்குப் பணம் கட்டலாமா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். அம்மாவுக்கு 63 வயது, சுகர் 14 வருடமாக இருக்கிறது. நான்கு மாதம் முன்னால் ஒரு காலையில் எழுந்ததும் வீடே சுற்றுகிற மாதிரி தலைசுற்றல், வாந்தி. உள்காதிலிருந்து வரும் சமநிலை நரம்பில் வீக்கம் என்று டாக்டர் சொன்னார். சுற்றல் பத்து நாளில் நின்றுவிட்டது, ஆனால் நடை பழையபடி ஆகவில்லை. இருட்டில் தடுமாறுகிறார், கடைத்தெருக் கூட்டத்தில் யாரையாவது பிடித்துக்கொள்கிறார். ஒரு மறுவாழ்வு மையத்தில் தலையில் விஆர் (கண்ணை மறைத்து, கணினி உருவாக்கிய மெய்நிகர் உலகத்தைக் காட்டும் ஹெட்செட்) மாட்டி, இடுப்பில் அதிரும் பெல்ட் கட்டிப் பயிற்சி தருவதாக 12 அமர்வுக்கு பேக்கேஜ் சொல்கிறார்கள். பணம் கட்டலாமா, இல்லை வீடியோ கேம் காட்டிக் காசு பிடுங்குகிறார்களா?

ஏமாற்று வேலை இல்லை. ஆனால் உங்களுக்கு விளக்கிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் விஆரையும் பெல்ட்டையும் ஒரே மருந்தின் இரண்டு மாத்திரை மாதிரிச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் நேர் எதிர் வேலை செய்கிறவை. ஒன்று அம்மாவிடமிருந்து பிடுங்குகிறது, இன்னொன்று கொடுக்கிறது. எதைப் பிடுங்குவது, கொடுத்ததை எப்போது திரும்ப வாங்கிக்கொள்வது என்று தெரிந்த ஆள் பக்கத்தில் நின்றால் அந்த 12 அமர்வுக்குப் பலன் உண்டு, இல்லையென்றால் பொருட்காட்சியில் ராட்டினம் ஏறி இறங்கின கதைதான். நான் நரம்பியல் பிசியோதெரபியில் 17 வருடமாக இருக்கிறேன், விழப் போகிறவர்களைப் பிடிப்பதுதான் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நாம் நிமிர்ந்து நிற்க மூளை மூன்று பேரிடம் சாட்சி கேட்கிறது. உள்காது ஒன்று, அதிலிருக்கும் அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதையும், பக்கத்திலேயே இருக்கும் சுண்ணாம்புப் படிகங்கள் சாய்வதையும் சொல்லும். கண் இரண்டாவது. மூன்றாவது உள்ளங்காலும் கணுக்கால் மூட்டும் தசைகளும். மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் நமக்கு ஒன்றுமே தெரியாது, நின்றுகொண்டே போன் பார்ப்போம். கதை முரண்படும்போதுதான் வேடிக்கை. நின்றுகொண்டிருக்கிற ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள், பக்கத்துத் தண்டவாளத்து ரயில் நகர்கிறது, ஒரு கணம் நம் வண்டிதான் கிளம்பிவிட்டது என்று உடம்பு நம்புகிறதே, அங்கே கண் பொய் சொல்கிறது, மூளை அதை நம்பிவிடுகிறது.

இந்தப் பொய்யை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார்கள். எடின்பரோவில் டேவிட் லீ என்பவர் 1970-களில் ஓர் அறை கட்டினார், தரை அசையாது, சுவர்களும் கூரையும் மட்டும் முன்னும் பின்னும் ஆடும். அப்போதுதான் நடக்கப் பழகின குழந்தையை உள்ளே நிறுத்திச் சுவரை லேசாக நகர்த்தினால் குழந்தை தொப்பென்று உட்கார்ந்துவிடும், விழவும் செய்யும். தரை அசையவே இல்லை, ஆனாலும் கண் ஜெயித்துவிட்டது. பெரியவர்கள் விழவில்லை, சுவரோடு சேர்ந்து ஆடினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் அம்மாவின் கணக்கை இப்போது பாருங்கள். உள்காதுச் சாட்சி ஒரு பக்கம் பாதி ஊமை. 14 வருட சுகரில் உள்ளங்கால் சாட்சியும் பெரும்பாலும் மங்கியிருக்கும், அதை எப்படிப் பார்ப்பது என்று பின்னால் சொல்கிறேன். ஆக அவர் கிட்டத்தட்ட கண்ணை மட்டும் வைத்து நிற்கிறார். இருட்டில் அதுவும் போகிறது, அதனால் தடுமாற்றம். கடைத்தெருவில் கண் முன்னால் நூறு பேர் நூறு திசையில் நகர்கிறார்கள், அந்த ஆடும் அறையில் நின்ற குழந்தை மாதிரி ஆகிவிடுகிறார். 19-ம் நூற்றாண்டில் பெர்லினில் ரோம்பெர்க் என்ற மருத்துவர் இதைத்தான் கவனித்தார்: தண்டுவடம் பாதித்து, கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வு போன நோயாளிகள் முகம் கழுவக் கண்ணை மூடியதும் தள்ளாடினார்கள். இன்றும் எந்த கிளினிக்கிலும் கால்களை ஒட்டி நிற்க வைத்துக் கண்ணை மூடச் சொல்கிறார்களே, அதற்கு அவர் பெயர்தான். வீட்டில் அம்மா சோப்புப் போட்டுக்கொண்டு குளிக்கும்போது ஒரு கையால் குழாயைப் பிடிக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

விஆர் இங்கேதான் வருகிறது. அதன் உண்மையான பயன், கண்ணுக்கு வேண்டுமென்றே நம்பத் தகாத காட்சியைக் காட்டி, 'கண்ணை மட்டும் நம்பாதே, மிச்சம் இருக்கிற உள்காதையும் காலையும் கேள்' என்று மூளையைப் பழக்குவது. இது புதுசும் இல்லை. 1986-ல் ஆன் ஷம்வே-குக், ஃபே ஹோராக் என்ற இருவர் எழுதிய சோதனையில் நோயாளியின் தலையில் ஒரு காகித விளக்குக் கூண்டைக் கவிழ்த்துவிடுவார்கள், தலை ஆடினால் கூண்டும் கூடவே ஆடும், கண்ணுக்கு எதுவும் அசையாத மாதிரித் தெரியும். காலுக்குக் கீழே ஒரு தடிமனான ஃபோம். அந்தக் கூண்டுதான் இன்றைய ஹெட்செட்டின் ஏழைப் பாட்டி. லூயிஸ் நாஷ்னர் கொண்டுவந்த ஈக்விடெஸ்ட் என்ற பெரிய மெஷின் அதையே மோட்டார் வைத்துச் செய்தது, மேடையும் சுற்றுச்சுவரும் ஆளின் ஆட்டத்துக்கேற்ப ஆடும். நம் ஊரில் அது வெகு சில இடங்களில்தான் இருக்கும், விலை அப்படி. அந்த வேலையில் பாதியை அரை கிலோ ஹெட்செட் செய்கிறது என்பதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

கூட்டத்தைக் கண்டால் பயப்படுகிறவர்களுக்கு விஆர் இன்னும் பொருத்தம். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சூசன் விட்னியும் கூட்டாளிகளும் சமநிலை நோயாளிகளை மெய்நிகர் மளிகைக்கடைக்குள் நடக்க வைத்தார்கள். இரண்டு பக்கமும் அலமாரி, அலமாரி நிறைய டப்பா, நடக்க நடக்க எல்லாம் கண்ணோரத்தில் ஓடும். ஏன் மளிகைக்கடை? இந்த நோயாளிகள் முதலில் விட்டுவிடுவது அங்கே போவதைத்தான். நிஜக் கடைத்தெருவில் கூட்டத்தைப் பாதியாகக் குறைக்க முடியாது, விஆரில் முடியும். முதல் வாரம் ஆளில்லாத சந்து, அப்புறம் நாலு பேர், அப்புறம் தீபாவளிக் கூட்டம் என்று ஏற்றலாம். அந்த மையத்தில் அம்மாவுக்குப் பழம் வெட்டும் விளையாட்டு மட்டும்தான் போடுகிறார்கள் என்றால் அது கை வீசும் பயிற்சி, கூட்டத்துக்குப் பழக்காது.

சரி, தொடுதல் பக்கம் வருவோம். எனக்கு அதிகம் பிடித்த பகுதி இதுதான்.

இரவில் எழுந்து பாத்ரூம் போகும்போது வயதானவர்கள் சுவரைத் தடவிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். சுவரில் சாய்வதில்லை, விரல் நுனி மட்டும் படும். அந்த விரல் தாங்குவதில்லை, தகவல் சொல்கிறது. பாஸ்டன் பக்கத்தில் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஜேகாவும் ஜேம்ஸ் லாக்னரும் 1994-ல் இதை அளந்து காட்டினார்கள். ஆட்களை ஒரு காலுக்கு முன் இன்னொரு கால் வைத்து நிற்க வைத்து, பக்கத்தில் ஒரு கம்பியை விரலால் தொடச் சொன்னார்கள், ஒரு நியூட்டனுக்கு மேல், அதாவது சுமார் 100 கிராம் எடைக்கு மேல் அழுத்தினால் மணி அடிக்கும். அவ்வளவு லேசான தொடுகை உடம்பைத் தாங்க முடியாது, ஆனாலும் ஆட்டம் நன்றாகக் குறைந்தது, கண்ணை மூடியிருந்தபோதும். உடம்பு ஒரு மில்லிமீட்டர் ஆடினாலும் விரல் நுனித் தோல் இழுபடுகிறது, மூளைக்கு அது போதும்.

பெல்ட் இதே தத்துவம்தான், விரலுக்குப் பதில் இடுப்பு. பெல்ட்டில் ஒரு சாய்வு உணரி இருக்கும், போனில் திரையைத் திருப்புகிற அதே சமாச்சாரம், சுற்றிலும் சின்னச் சின்ன அதிர்வு மோட்டார்கள். முன்னால் அளவுக்கு மீறிச் சாய்ந்தால் வயிற்றுப் பக்கம் துடிக்கும், வலது பக்கம் சாய்ந்தால் வலது இடுப்பில். துடிக்கிற பக்கத்திலிருந்து விலக வேண்டும். சில கருவிகளில் தலைகீழாக, துடிக்கிற பக்கம் போக வேண்டும் என்று வைத்திருப்பார்கள், இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஒரு அமர்வில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி என்றால் அம்மா குழம்பிப்போவார். இடுப்பைச் சுற்றி ஏன் வைக்கிறார்கள் என்றால், அங்கே 'எந்தப் பக்கம்' என்பதை யோசிக்காமல் உணர முடிகிறது. அமெரிக்கக் கடற்படையில் ஆங்கஸ் ரூபர்ட் என்பவர் விமானிகளுக்கு அதிரும் சட்டை செய்ததும் இதே காரணத்துக்குத்தான், மேகத்துக்குள் எது மேல், எது கீழ் என்று தெரியாமல் போகிறவர்களுக்கு. சமநிலை நோயாளிகளுக்கு அதைக் கொண்டுவந்தவர்களில் பாஸ்டனின் கான்ராட் வால் முக்கியமானவர்.

இதில் பால் பாக்-இ-ரிட்டா போன எல்லை இன்னும் தூரம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்த அவர், சாய்வைச் சின்ன மின் கூச்சமாக மாற்றி நாக்கின் மேல் கொடுத்தார். ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கால் இரண்டு பக்க உள்காதும் போய், நின்றாலே விழுகிற உணர்வோடு வாழ்ந்த ஒரு பெண் அதை வாயில் வைத்து நேராக நின்றார், கழற்றின பிறகும் கொஞ்ச நேரம் அந்த நிலை தங்கியது, பயிற்சி கூடக் கூட அந்த நேரமும் கூடியது. அதைப் படித்தபோது காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்ட நம் ஊர் ஆட்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தார்கள். தலை சுற்றவே சுற்றாது, ஆனால் நடக்கும்போது ரோட்டிலிருக்கும் போர்டெல்லாம் குதிக்கும் என்பார்கள். அதே வகைச் சேதம்தான்.

ஆக, ஹெட்செட் கண்ணின் நம்பகத்தைப் பிடுங்குகிறது, பெல்ட் ஒரு நாலாவது சாட்சியைக் கொடுக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் நோயாளி விஆரின் ஆடும் உலகத்துக்குள் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஜம்மென்று நிற்பார். ஸ்கிரீனில் ஸ்கோர் ஏறும், பார்க்கிற மகனுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் பெல்ட்டைக் கழற்றினால்?

என்னிடம் வந்த ஒருவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், வேறொரு இடத்தில் ஒன்றரை மாதம் பெல்ட் பயிற்சி எடுத்தவர். பெல்ட்டோடு ஒற்றைக் காலில் 20 செகண்ட் நிற்பேன் என்று பெருமையாகச் சொன்னார். பெல்ட் இல்லாமல் நிற்கச் சொன்னேன், நாலாவது செகண்டில் என் தோள் மேல் விழுந்தார். 'வண்டியில் ஹாரன் வேலை செய்யலைன்னா ஓட்ட முடியாத மாதிரி ஆயிடுச்சு சார்' என்றார். அவருக்கு யாருமே அதிர்வைக் குறைத்துக் கொடுக்கவில்லை, முதல் நாள் எப்படி இருந்ததோ கடைசி நாளும் அப்படியே. செய்ய வேண்டியது வேறு: முதலில் ஒவ்வொரு சாய்வுக்கும் துடிக்கட்டும், அடுத்த வாரம் பெரிய சாய்வுக்கு மட்டும், அப்புறம் ஐந்து முயற்சியில் இரண்டுக்கு மட்டும், கடைசியில் பெல்ட் இடுப்பில் இருக்கும், ஆனால் அணைந்திருக்கும். சைக்கிள் பழக்குகிற அப்பா சீட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கூடவே ஓடுவாரே, அது மாதிரி. சோதனையும் பெல்ட் இல்லாமல்தான் நடக்க வேண்டும். மிஷிகன் பல்கலைக்கழகத்தில் கேத்லீன் சியென்கோவின் குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வில் வயதானவர்களை வீட்டிலேயே 8 வாரம் பயிற்சி செய்ய வைத்தார்கள், ஒரு பிரிவுக்கு அதிர்வு உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. முடிவை அளந்தபோது யாரிடமும் கருவி இல்லை, அப்படியும் அதிர்வுப் பிரிவு முன்னால் இருந்தது. மொத்தம் 12 பேர்தான், அதனால் இதைப் பெரிய ஆதாரமாக நான் தூக்கிப் பிடிக்க மாட்டேன், ஆனால் அளந்த முறை நேர்மை.

விஆர் பக்கம் ஆதாரம் கொஞ்சம் கனமானது. 2016-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த வி-டைம் ஆய்வு, டெல் அவிவின் அனாட் மிரெல்மன் தலைமையில் ஐந்து நாடுகளில் நடந்தது. ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்த, 60 முதல் 90 வயது வரையிலான 302 பேர். பாதிப் பேர் டிரெட்மில் மட்டும், மீதிப் பேர் டிரெட்மில்லோடு விஆர், வாரம் 3 முறை, 6 வாரம். அடுத்த 6 மாதத்தில் விஆர் பிரிவில் விழுகை சராசரி 11.9-லிருந்து 6-ஆக இறங்கியது, டிரெட்மில் மட்டும் செய்தவர்களிடம் 10.7-லிருந்து 8.3. நல்ல வித்தியாசம். ஆனால் இந்த ஆய்வைக் காட்டி ஹெட்செட் விற்கிறவர்கள் ஒன்றைச் சொல்ல மாட்டார்கள்: அங்கே யார் தலையிலும் ஹெட்செட் இல்லை. எதிரே பெரிய திரை, கால் அசைவைப் பிடிக்கும் கேமரா, மேலிருந்து பிடித்துக்கொள்ளும் பாதுகாப்பு வார். இன்னொரு பக்கம், பக்கவாத நோயாளிகள் பற்றி 72 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அமைப்பு) 2017 அலசலில், வழக்கமான சிகிச்சையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் விஆரை வைத்தால் சமநிலையில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது, வழக்கமான பயிற்சியோடு கூட்டினால் சரி, அதைக் கழித்துவிட்டு விஆர் மட்டும் என்றால் வேண்டாம்.

விலை அதிகமான கருவிதான் வேண்டும் என்பதும் இல்லை. காந்திநகர் ஐஐடியில் உத்தமா லாஹிரியின் குழு, நின்டெண்டோ வீ விளையாட்டுக்கு வந்த சமநிலைப் பலகையையே எடுத்துப் பக்கவாத நோயாளிகளுக்கு விஆர் பயிற்சி அமைத்தது. அந்தப் பலகையின் நாலு மூலையிலும் எடை உணரிகள், எந்தக் காலில் எவ்வளவு பாரம் என்று அது சொல்லிவிடும். தொடு உணர்வுத் தொழில்நுட்பத்துக்கென்றே சென்னை ஐஐடியில் மணிவண்ணனின் டச் லேப் இருக்கிறது. நம் ஊரில் ஆள் இல்லை என்று இல்லை.

இனி பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது. படுக்கையில் புரண்டால் சில செகண்ட் சுற்றுகிறதா என்று அம்மாவைக் கேளுங்கள். ஆம் என்றால் அது உள்காதுப் படிகம் இடம் மாறின தலைசுற்றலாக இருக்கலாம், நரம்பு வீக்கத்துக்குப் பிறகு அது வருவதுண்டு. அதற்குத் தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பும் எப்லி முறை இருக்கிறது, பல பேருக்கு ஒன்றிரண்டு தடவையில் போய்விடும், 12 அமர்வு எதற்கு. படுத்தபடி ஒரு தடவை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை பிபி பாருங்கள், மேல் எண் 20-ஓ அதற்கு மேலோ இறங்கினால் முதலில் மாத்திரைகளை டாக்டரிடம் காட்ட வேண்டும். கால் பெருவிரலில் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நான் இதைச் செய்யும்போது கவையைத் தட்டி விரல் எலும்பில் வைத்து, 'நின்னதும் சொல்லுங்க அம்மா' என்பேன். சிலர் வைத்த மறு நொடியே 'நின்னுடுச்சு' என்பார்கள், அதே கவையை என் விரலில் வைத்தால் இன்னும் பத்துப் பதினைந்து செகண்ட் ரீங்காரம் இருக்கும். மகன்கள் அதைத் தங்கள் விரலில் வைத்துப் பார்த்துத்தான் அம்மாவின் கால் எவ்வளவு மங்கிவிட்டது என்று நம்புவார்கள். அப்படி மங்கின காலுக்கு அதிரும் செருப்பு கொடுத்தால் தெரியாது, இடுப்புப் பெல்ட் தெரியும். அதனால் அம்மாவுக்கு இடுப்பைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு, அவர்கள் யோசித்துச் செய்தார்களோ இல்லையோ.

மையத்தில் நேரில் போய்க் கவனியுங்கள். ஹெட்செட் போட்டவருக்குத் தன் காலும் தரையும் தெரியாது, அதனால் மேலே கட்டிய வாரோ, கைக்கெட்டும் தூரத்தில் ஆளோ கட்டாயம் வேண்டும், போன் பார்த்துக்கொண்டு நாற்காலியில் இருக்கிற ஆள் கணக்கில் வராது. முதல் நாள் உட்கார்ந்தபடியே ஐந்து நிமிடம்தான் போட வேண்டும், குமட்டினால் உடனே நிறுத்த வேண்டும். சாப்பிட்டுவிட்டு, சுகர் பார்த்துவிட்டுப் போங்கள், தாழ்சுகரும் தள்ளாட்டம் மாதிரியே வரும். கழுத்துத் தேய்மானம் இருந்தால் அந்த அரை கிலோ முன்பாரம் வலிக்கும், வலிப்பு நோய் இருந்தால் ஹெட்செட்டே வேண்டாம். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி உட்காரும் நேரம், சமநிலையை அளக்கும் 56 மதிப்பெண் பெர்க் சோதனை, இரண்டும் முதல் நாளும் கடைசி நாளும் எழுதித் தருவீர்களா என்று கேளுங்கள். எழுந்து நடக்க 12 செகண்டுக்கு மேல் ஆகிறவர்களை விழும் அபாயத்தில் சேர்ப்போம். கேம் ஸ்கோரைக் காட்டி முன்னேற்றம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். 12 அமர்வுக்கும் மொத்தமாகக் கட்ட வேண்டாம், நாலுக்குக் கட்டுங்கள்.

சேர்ந்தாலும் சேராவிட்டாலும் வீட்டுப் பயிற்சி நிற்கக் கூடாது, உண்மையில் பெரிய பங்கு அதற்குத்தான். சுவரில் தினசரி காலண்டர் இருக்குமே, அதன் பெரிய தேதி எண்ணை ஒரு கை தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே தலையை 'இல்லை' என்கிற மாதிரி இடம் வலமாக ஆட்ட வேண்டும், எண் மங்காத வேகத்தில், ஒரு நிமிடம். பிறகு 'ஆமாம்' மாதிரி மேலும் கீழும். இந்த நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு நாளில் மூன்று முதல் ஐந்து தடவையாகப் பிரித்து, மொத்தம் 20 நிமிடமாவது சேர வேண்டும். லேசாகச் சுற்றும், சுற்றட்டும், உள்காதும் கண்ணும் மறுபடி ஒத்துப்போக அந்தச் சின்னத் தொந்தரவு வேண்டும். இன்னொன்று, சுவர் மூலையில் முதுகு காட்டி, முன்னால் ஒரு நாற்காலி போட்டு, கால் ஒட்டி நிற்பது. முதலில் நாற்காலியை ஒரு விரலால் தொட்டு, பிறகு தொடாமல், பிறகு கண் மூடித் தொட்டு, பிறகு கண் மூடித் தொடாமல், நீங்கள் பக்கத்தில் நிற்க. பெல்ட்டின் பாடமும் ஹெட்செட்டின் பாடமும் அந்த மூலையிலேயே இருக்கிறது, காசில்லாமல்.

அப்புறம் அம்மாவின் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ஒரு இரவு விளக்கு, பாத்ரூம் சுவரில் குளிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி. இரண்டையும் இன்றைக்கே போட்டுவிடுங்கள், மையத்துக்கு அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம்.